ஜெனரல் பார்த்த நாரை

பதுவா, இத்தாலி
பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

இதை, இங்கிருந்து நம் ஊருக்கு ஆளும் பொட்டலமும் ஏற்றிப் போகும் மித்கோவின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை யாம்போல் வந்து சேர்வான். ரயிலடிக்குப் போய் வாங்கிக்கொள், அவனைக் காக்க வைக்காதே. போன் எதற்கு இருக்கிறது என்று கேட்காதே. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம்; வைத்த பிறகுதான் சொல்ல நினைத்தது ஞாபகம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை "போனதுதான் போன, அங்கயே கெட" என்று சொல்லிவிட்டு நீ வைத்தாயே, அதோடு முடிவு செய்துவிட்டேன். இனி காகிதம்தான். காகிதத்தில் கத்த முடியாது.

நான் நன்றாக இருக்கிறேன். எல்விரா அம்மாளுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சக்கர நாற்காலியில் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போவது, இவ்வளவுதான் வேலை. ஒரே தொல்லை தலையாட்டுவதில். காபி வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்பாள். நான் நம் பல்கேரிய வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவாள். இந்த ஊரில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தமாம். காலையில் பாதி நாள் காபி இல்லாமலே போகிறது.

இப்போது முக்கியமான விஷயம். ஜெனரல் எப்படி இருக்கிறான்? அவன் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இருக்கும் சூட்டுப் பாயை அணைக்காதே. புழு டப்பா ஃப்ரிட்ஜில் கடைசித் தட்டில் இருக்கட்டும், உன் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் நீ அலறுவாய். புழுவை இடுக்கியால் நீட்டு, விரலால் வேண்டாம்.

நீ அவனைப் 'பல்லி' என்கிறாய். பல்லிதான், யார் இல்லை என்றது? என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபோது ஊரே எனக்கு யோசனை சொன்னது. பக்கத்து வீட்டுக் கின்கா பூனை வளர்க்கச் சொன்னாள். நீ வேறு ஆள் பார்க்கச் சொன்னாய். நான் போய்ப் புள்ளி போட்ட ஒரு பல்லியை வாங்கி வந்தேன். அந்த வீட்டில் இத்தனை வருடமாக என்னை ஒரு கேள்வியும் கேட்காத ஒரே ஜீவன் அவன்தான். அதனால் அவனுக்கு மரியாதை கொடு.

மார்ச் ஒன்றாம் தேதி வருகிறது. நாம் அன்று கட்டும் மார்தெனித்சா நூல் என்றால் இந்த ஊர்க் கடைகளில் அது என்ன என்று கேட்கிறார்கள். எல்விரா அம்மாளின் கிழிந்த சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்து, வெள்ளைக் கம்பளி நூலோடு சேர்த்து நானே முறுக்கினேன். இரண்டு வைத்திருக்கிறேன். பெரியது உனக்கு, மணிக்கட்டில் கட்டிக்கொள். சின்னது, குஞ்சம் வைத்தது, ஜெனரலுக்கு. கழுத்தில் கட்டிவிடாதே, பாவம். அவன் ஏறிப் படுப்பானே, அந்தத் திராட்சைக் கொடிக் கட்டையில் கட்டு. ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிறோம், ஆப்பிள் மரத்துக்குக் கட்டுகிறோம், இவன் மட்டும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டாமா?

இன்னொன்று. முதல் நாரையைக் கண்ணால் பார்க்கும்வரை கழற்றக் கூடாது. உனக்கும் அதே சட்டம், அவனுக்கும் அதே சட்டம். அவன் நாரையைப் பார்க்கும் முன்னால் நீ கழற்றினாய் என்று தெரிந்தால் அங்கே வந்து உன்னோடு சண்டை போடுவேன்.

எப்படியும் ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுவேன். அதுவரை அவனைப் பார்த்துக்கொள். உன்னையும்.

உன் தெமெனுகா

*

யாம்போல்
மார்ச் 3

தெமென்கா,

காகிதத்தில் கத்த முடியாது என்று யார் சொன்னது? இந்த எழுத்தின் அளவைப் பார்.

மித்கோவை நான் காக்க வைக்கவில்லை. அவன்தான் என்னை ரயிலடியில் குளிரில் நிற்க வைத்தான். உன் பொட்டலம் வந்தது. நூல் கட்டியாகிவிட்டது, எனக்கும் அதற்கும். இந்த வயதில் பல்லிக்கு நூல் கட்டுகிறவள் பல்கேரியா முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்திதான் இருப்பேன். சர்க்கரை கேட்டு வந்த கின்கா பார்த்துவிட்டாள்.

"என்ன வெலிச்கா, பல்லிக்குக் கல்யாணமா?"

"ஆமா. உன்னத்தான் பொண்ணு பாத்துருக்கு."

சர்க்கரை வாங்காமலே போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள்.

உன் பல்லி நன்றாகத்தான் இருக்கிறது. நான் சமைக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு என்னையே பார்க்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் என் ஆயுசில் பாதியைக் கழித்தவள் நான். இன்ஸ்பெக்டர்கூட என் சட்டியை அப்படிப் பார்த்ததில்லை. கட்டையில் ஏறிக் குஞ்சத்துக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உட்காருகிறது. இடுக்கியில் புழுவை நீட்டினால் வால் நுனியை ஆட்டும், ஆட்டும், ஆட்டும், பிறகு ஒரே பாய்ச்சல். சில நேரம் புழுவை விட்டுவிட்டு இடுக்கியைக் கடிக்கிறது. ஜெனரலுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடு.

நீ வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை மூடினால் மூடிவிட்டுப் போகிறார்கள். அதற்காக நீ அந்நிய ஊரில் போய் அடுத்தவன் தாயைக் குளிப்பாட்ட வேண்டுமா? நான் வைக்கிற சூப்பு இரண்டு பேருக்குப் போதும். இதைச் சொன்னால்தான் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

எதிரே பழைய பேக்கரிப் புகைபோக்கியில் நாரைக் கூடு காலியாகத்தான் இருக்கிறது. வந்ததும் எழுதுகிறேன்.

வெலிச்கா

*

யாம்போல்
ஏப்ரல் 6

தெமெனுகா,

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. பல்லி செத்துவிட்டது. நேற்றுக் காலையில் பார்த்தேன்.

சூட்டுப் பாய் வேலை செய்கிறது, கை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வால் மெலிந்தது. பருவம் மாறுகிறது, மனிதருக்கே வாய் கசக்கிற காலம், அதனால் என்று நினைத்தேன். உனக்கு எழுதவில்லை. எழுதினால் அங்கே உட்கார்ந்து பதறுவாய், பதறி என்ன செய்திருப்பாய்? நேற்றுக் கட்டைக்கு அடியில் படுத்திருந்தது. கூப்பிட்டேன். பிறகு தொட்டேன்.

குப்பையில் போடச் சொன்னாள் கின்கா. போடவில்லை. தயிர் டப்பாவைக் கழுவி, துணியில் சுற்றி அதில் வைத்து, ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

வெலிச்கா

*

பதுவா
ஏப்ரல் 11

அக்கா,

உன் கடிதத்தைப் பூங்காவில் வைத்துப் படித்தேன். எல்விரா அம்மாள் சக்கர நாற்காலியில், நான் பெஞ்சில். ஓவென்று அழுதேன். நம் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள், எல்லாரும் என்னைப் போல வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். யார் செத்தது என்று ஓடி வந்தார்கள். சொன்னேன்.

"பல்லிக்கா? அடிப்பாவி, நான் உங்க அம்மாவோன்னு பயந்துட்டேன்!"

"எங்கம்மா போயி இருவது வருசமாச்சு. இப்ப போனது என் பல்லி. அதுக்குத்தான் அழுவுறேன். எதுக்கு அழுவணும்னு உங்ககிட்ட வந்து கேக்கணுமா?"

அதோடு நகர்ந்து போய்விட்டார்கள். போகட்டும். எல்விரா அம்மாள் மட்டும் ஒன்றும் புரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கின்கா நேற்று எனக்குப் போன் செய்தாள். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டாளாம். அவள் ஆறுதல் எப்படி இருந்தது தெரியுமா?

"மனச விட்றாத தெமென்கா. அந்தக் குளிர்ல எது பொழைக்கும்? உங்க அக்கா மார்ச் மாசம் பூரா தெனமும் காலைல பெட்டியத் தூக்கிட்டு வந்து பால்கனில நின்னா. சன்னல் கதவெல்லாம் தெறந்து கெடந்துச்சு. எனக்கே பல்லு கிட்டிருச்சு."

பால்கனி. மார்ச் மாதம். பாலைவனத்து ஜீவனை.

உன் கடிதத்தில் சூட்டுப் பாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பருவம் மாறியது இருக்கிறது. பால்கனி எங்கே? ஏன் மறைத்தாய்? உனக்கு அவனைப் பிடிக்காது, எனக்குத் தெரியும். புழு அருவருப்பு, பெட்டி இடைஞ்சல், நான் ஊரை விட்டுப் போனது கோபம். ஆனால் இப்படியா அக்கா? என் மேல் இருந்த கோபத்தை அவன் மேலா காட்டினாய்?

இரண்டு விஷயம் கேட்கிறேன். அவனை ஏன் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனாய்? அவன் எதனால் செத்தான்? இரண்டுக்கும் பதில் வேண்டும். அவன் உன்னால் செத்தான் என்றால் ஜூலையில் நான் வரமாட்டேன். ஏஜென்சிக்காரர் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்தப் பெட்டி காலியாக இருக்கிற வீட்டில், அதைக் காலி செய்தவளோடு உட்கார்ந்து என்னால் சூப்பு குடிக்க முடியாது.

தெமெனுகா

*

யாம்போல்
ஏப்ரல் 17

தெமெனுகா,

ஆமாம், பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தினமும் போனேன். ஏன் என்று சொல்ல மாட்டேன். நான் கொலைகாரி என்று கின்காவின் வாயால் கேட்டு நம்புகிறவளுக்கு விளக்கம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கின்காவிடமும் போனேன்.

"என்ன பாத்த?"

"பாத்தத்தான சொன்னேன்."

"பெட்டிக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?"

"அது எனக்கு எதுக்கு?"

"அப்ப பாதி பாத்துட்டு முழுசா பேசாத. இனிமே சர்க்கரைக்கு கடைக்குப் போ."

நீ இரண்டு கேள்வி கேட்டாய். முதல் கேள்விக்குப் பதில் கிடையாது. இரண்டாவதற்கு நானே பதில் தேடப் போகிறேன். நீ மிரட்டினாய் என்று இல்லை. எனக்கே தெரிய வேண்டும். தினமும் என் சமையலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜீவன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று எனக்குத் தெரிய வேண்டும். இங்கே இருக்கும் மாட்டு வைத்தியரிடம் கேட்டேன். "பல்லியா? காலண்டர்ல ஏப்ரல் ஒண்ணு போயிருச்சே அம்மா" என்றார். அவர் வாசலிலேயே நின்று என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ சொல்லிவிட்டு வந்தேன். ஸ்தாரா ஸாகோராவில் பாம்பு, கிளி எல்லாம் பார்க்கிற பெண் டாக்டர் ஒருத்தி இருக்கிறாளாம். அடுத்த வாரம் போகிறேன்.

ஜூலையில் வருவதும் வராததும் உன் இஷ்டம். உன் கட்டிலில் போர்வை மாற்றியிருக்கிறேன். அது மட்டும்தான் என்னால் முடியும்.

வெலிச்கா

*

யாம்போல்
ஏப்ரல் 24

தெமெனுகா,

போய் வந்தேன்.

பஸ்ஸில் தயிர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "வீட்டுத் தயிருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். "மணக்கும்ல" என்றார்.

டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ஒரு முயல், ஒரு கிளி, பூனைக் கூடையோடு ஒரு பெண், நான். மேஜையில் இருந்த பொண்ணு பெயர் எழுதினாள்.

"பேஷண்ட் பேரு?"

"ஜெனரல்."

கிளிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்யுது அவருக்கு?"

"செத்துப்போச்சு."

அந்தப் பொண்ணு பேனாவை வைத்துவிட்டாள். "அம்மா, அப்ப நாங்க என்ன செய்யணும்?"

"ஏன் செத்துச்சுன்னு சொல்லணும். உசுரு இருந்தாத்தான் வைத்தியம் பாப்பீங்களா? செத்தவங்களுக்கு நியாயம் கிடையாதா?"

கிளிக்காரர் எழுந்து எனக்கு அவர் முறையைக் கொடுத்தார். உலகத்தில் மனிதர்கள் இல்லாமல் போகவில்லை.

டாக்டர் சின்னப் பெண். சிரிக்கவில்லை. அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது. டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே முயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து சொன்னாள். குளிரால் இல்லை, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. அவன் குடலில், அதன் குடலில், ஒரு நூல் சிக்கியிருக்கிறது. புழுவைப் பிடிக்கும்போது நூலும் சேர்ந்து வாயில் போயிருக்கும். விழுங்கத் தெரிகிற ஜீவனுக்குத் துப்பத் தெரியவில்லை. நூல் குடலை இழுத்துச் சுருக்கிவிட்டது. அதனால்தான் சாப்பிடவில்லை. தெரிந்திருந்தாலும் அவ்வளவு சின்ன உடம்பில் அறுவை செய்து காப்பாற்றுவது கஷ்டம் என்றாள்.

நூல் என் தையல் டப்பாவில் இருந்து விழுந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். வெள்ளை நூல். பெட்டி மூடி திறந்திருந்தது. தப்பு என்னுடையதுதான். கவனக்குறைவு. மன்னித்துவிடு.

இப்போது பதில் கிடைத்துவிட்டது. என் மேல் கோபப்பட வேண்டுமென்றால் ஜூலையில் நேரில் வந்து கோபப்படு. அங்கேயே உட்கார்ந்து கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

வெலிச்கா

*

பதுவா
மே 2

அக்கா,

நீ மிக மோசமாகப் பொய் சொல்கிறாய்.

நான் பிறந்ததில் இருந்து உன்னைப் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் பலகாரம் கருகினபோது மாவு சரியில்லை என்றாய். என் துணிப்பெட்டியை ஆற்றில் போட்டபோது பாலம் குறுகல் என்றாய். மாமாவிடம் தினமும் சண்டை போட்டாய், அவர் செத்த பிறகுகூட அவர் பக்கம்தான் தப்பு என்றாய். உன் வாயில் இருந்து 'தப்பு என்னுடையது' என்று ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை. இந்தக் கடிதத்தில் படித்தேன். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அக்கா எதையோ மறைக்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 'அவன்' என்று எழுதிவிட்டு 'அது' என்று மாற்றியிருக்கிறாய், அதுவும் கண்ணில் பட்டது.

ஸ்தாரா ஸாகோரா டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டேன்.

"உங்க அக்கா சொல்லலியா?" என்றாள். "சிவப்பும் வெள்ளையும் முறுக்கின கம்பளி நூல். மார்தெனித்சா குஞ்சம். வருசா வருசம் இந்த சீசன்ல பூனைக்கு வரும், நாய்க்குட்டிக்கு வரும். பல்லி இதுதான் மொதல் தடவ."

அவளே மேலே பேசினாள்.

"உங்க அக்கா போகும்போது ஒண்ணு கேட்டாங்க. அத நான் இன்னும் மறக்கல. 'டாக்டர், இதுக்கு எவ்ளோ தூரம் கண்ணு தெரியும்? தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு புகைபோக்கி, அது மேல ஒரு நாரை நின்னா தெரியுமா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அசைஞ்சா தெரிஞ்சிருக்கலாம்னு சொன்னேன். 'அசைஞ்சுது'ன்னாங்க. டப்பாவ வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

பால்கனி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என் விளையாட்டுப் பேச்சைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, நூலைக் கழற்ற வேண்டும் என்பதற்காக, தினமும் அந்தப் பெட்டியைச் சுமந்துபோய் ஒரு பல்லிக்கு நாரை காட்டியிருக்கிறாய். நான் உன்னைக் கொலைகாரி என்றேன்.

நூலை முறுக்கியது நான். குஞ்சம் வைத்தது நான். கழற்றாதே என்றதும் நான். அவனுக்கு நோய்நொடி வரக் கூடாது என்று என் கையால் செய்து அனுப்பியதுதான் அவன் குடலில் கிடந்தது. நீ அந்தப் பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டாய். நன்றி சொல்ல மாட்டேன். கோபம்தான் வருகிறது. என் பழியை எனக்குக் கொடு அக்கா. அதை எடுக்க உனக்கு என்ன உரிமை?

நாளை ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட வேண்டும். சிவப்புச் சாயத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏஜென்சிக்காரர் கொடுத்த காகிதம் என் முன்னால் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவேன்? அவனைப் புதைத்துவிடு. நான் செய்ய வேண்டியது, என்னால் முடியாது.

தெமெனுகா

*

யாம்போல்
மே 8

தெமென்கா,

எந்த முகத்தோடு வருவது என்று கேட்கிறாய். இருக்கிற முகத்தோடு வா. உனக்கு வேறு முகம் கிடையாது, அதுவும் ஒன்றும் அவ்வளவு அழகு இல்லை.

டாக்டர் வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். பரவாயில்லை. நீ கேட்ட முதல் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அப்போது எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை, வெட்கம். என் வயசுக்காரி பல்லிக்கு நாரை காட்டினேன் என்று எழுதக் கை வரவில்லை. இப்போது வெட்கம் போய்விட்டது. கட்டடம் முழுக்க நானே சொல்லிவிட்டேன்.

மார்ச் பாதியில் ஊருக்குள் நாரை வந்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். நான் ஆற்றங்கரையில் ஒன்றைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் இவன் குஞ்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், இவன் எங்கே போய்ப் பார்ப்பான்? நீ வேறு சட்டம் போட்டிருந்தாய். சரி என்று பால்கனிக்குத் தூக்கினேன். பெட்டிக்கு அடியில் வெந்நீர்ப் பை, மேலே என் கம்பளிச் சால்வை, அவன் முகத்துக்கு நேரே மட்டும் திறந்துவிடுவேன். கின்கா திறந்த சன்னலைத்தான் பார்த்தாள், வெந்நீர்ப் பையை அவள் பார்க்கவில்லை. நாரை வராத நாளில் இரண்டு பேரும் காலிக் கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவோம். அவனிடம் கொஞ்சம் பேசினேன். உன்னைப் பற்றித்தான். நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் வந்தது. கூட்டின் மேல் இறங்கி, தலையைப் பின்னால் சாய்த்து, அலகை டகடகவென்று தட்டியது. தெரு முழுக்கக் கேட்டது. ஜெனரல் தலையை நிமிர்த்தினான். நான் கதை விடவில்லை தெமென்கா, நிமிர்த்தினான். கண்ணை நக்கிவிட்டு மறுபடி பார்த்தான்.

"பாத்துட்டியா? பாத்துட்ட. வா, கழட்டிடலாம்."

கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் கட்டையில் முடிச்சு மட்டும் இருந்தது. குஞ்சத்தைக் காணோம். முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ பிய்ந்திருக்க வேண்டும். தானாக விழுந்து மணலுக்குள் போயிருக்கும் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, வேலை மிச்சம் என்று. மணலைக் கிளறிப் பார்க்கவில்லை. கிளறியிருந்தாலும் அது அங்கே இல்லை.

பழியைத் திருப்பிக் கொடு என்கிறாய். கொடுக்க மாட்டேன். நானும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நீ நூல் முறுக்கினாய், நான் கட்டினேன், அவன் கடித்தான். நீ அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று செய்தாய், நான் நீ சொன்னாய் என்று செய்தேன், அவன் புழு என்று நினைத்துச் செய்தான். இதில் குற்றவாளியைத் தேடிப் போகிறவள் தேடிக்கொண்டே இருக்கட்டும், எனக்குச் சமையல் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் நூல் கட்ட மாட்டோம் என்று நினைக்காதே. கட்டுவோம். நன்றாக முறுக்கி, குஞ்சம் இல்லாமல், கண்ணாடிக்கு வெளியே கட்டுவோம். உள்ளே யார் இருப்பார் என்பதை நீ வந்து முடிவு செய்.

அவனைப் புதைத்துவிட்டேன். புனித ஜார்ஜ் நாளன்று எல்லார் வீட்டிலும் ஆட்டுக்கறி வாசம், நான் மண்வெட்டியோடு முற்றத்தில். கட்டடக் காரியதரிசி கோலெவ் ஓடி வந்தார்.

"வெலிச்கா, இது பொது முற்றம். இங்க எதையும் பொதைக்கக் கூடாது."

"எங்க எழுதியிருக்கு?"

"விதிமுறைல இருக்கு."

"கொண்டாங்க."

கொண்டுவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நாய் இருந்தது, பூனை இருந்தது, கோழி இருந்தது.

"பல்லி?"

"பல்லி... பல்லி இல்ல."

"அப்ப தள்ளி நில்லுங்க."

செர்ரி மரத்தடியில் வைத்தேன். தயிர் டப்பாவோடு இல்லை. அப்பாவின் தேக்கு சிகரெட் பெட்டியில். கட்டையில் மிச்சம் இருந்த முடிச்சை அவிழ்த்து அந்த மரக்கிளையில் கட்டினேன். நாரையைப் பார்த்தவர்கள் மரத்தில்தானே கட்ட வேண்டும். கின்கா மேலே சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்து, தொட்டியில் இருந்து பறித்த பூவை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் சர்க்கரைக்கு வந்தாள். கொடுத்தேன்.

மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தபோது கோலெவ் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன வெலிச்கா, மே மாசம் ஆச்சு, இன்னுமா நூலக் கழட்டல? ஊர் சிரிக்குது. நாரை வந்து குஞ்சே பொரிச்சிருச்சு."

"அது ஜெனரலோட நாரை."

"உன்னோடது?"

"இன்னும் வரல."

"எப்ப வருமாம்?"

"ஜூலைல. மித்கோ வேன்ல."

வெலிச்கா